குவாரி மண்ணும் கண்மாய்த் தண்ணீரும்

(வானொலி வேளாண் உரை)



வழக்கமாக இந்த நேரத்திலே விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்கு அந்த மூன்றையும் தாங்கி நிற்கிற மண்ணைப் பற்றியே பேசலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குவாரி வருகிறது என்றால், அங்கே வெட்டுகிற மண் எங்கே போகும்? வெட்டி முடித்த பிறகு அந்த நிலம் என்ன ஆகும்? இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுக்கிறார்கள்? அந்த அனுமதியிலே உங்கள் பேச்சுக்கு எங்கே இடம் இருக்கிறது? இவற்றைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

குளத்தூர், இலுப்பூர், விராலிமலை, திருமயம் பக்கத்து விவசாயிகளுக்குக் குவாரி புதிது இல்லை. நம்ம புதுக்கோட்டைச் சீமையே பாறை மேலே உட்கார்ந்திருக்கிற சீமை. நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் அந்தப் பாறையின் பெருமை. அதே பாறைதான் இன்றைக்கு ஜல்லியாகவும் எம்.சாண்டாகவும் லாரியிலே போகிறது. வீடு கட்டக் கல் வேணும், ரோடு போட ஜல்லி வேணும். அதை நாம் மறுக்கவில்லை. பல வீடுகளிலே குவாரிக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் கல்லுக்கு விலை இருக்கிற மாதிரி மேல்மண்ணுக்கும் விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கரிச் சுரங்கமும் கல் குவாரியும்

முதலில் நெய்வேலியைப் பார்ப்போம். நம் மாநிலத்திலே சுரங்கம் என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். 1957-ல் அங்கே தோண்டும் வேலை தொடங்கியது. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. ஒரு டன் கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். ஆகவே கரியைவிட மண்தான் பெரிய சுமை. அதை முதலில் சுரங்கத்துக்கு வெளியே மலை மாதிரி குவித்தார்கள். பிறகு வெட்டு முன்னேற முன்னேற, கரி எடுத்து முடித்த பள்ளத்திலேயே பின்னால் கொட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படிக் கொட்டின மண்ணைச் சமப்படுத்தி, வரப்புப் போட்டு, பசுந்தாள் உரம் மடக்கி, தொழு உரம் இட்டு, நெல்லும் பயறும் பழமரமும் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த ஆராய்ச்சியில் கூட நின்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கரிச் சுரங்கத்திலே பள்ளத்தை மூட மண் மிச்சம் இருக்கும். கல் குவாரியிலே அப்படி இல்லை. தோண்டினது எல்லாம் காசு. பாறை லாரி ஏறிப் போய்விடும். மிஞ்சுவது மேல்மண், கிராவல், சக்கைக்கல், கிரஷர் தூசி இவ்வளவுதான். ஆகவே குவாரிப் பள்ளத்தை முழுக்க மூடித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த மண்ணை வைத்து மூடுவீர்கள் என்று கேளுங்கள். அநேகமாகப் பதில் வராது. பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள நிலத்தைக் காப்பாற்றுவதும், மிஞ்சின மேல்மண்ணை வீணாக்காமல் வைப்பதும்தான் நம்மால் ஆகிற காரியம்.

நிலக்கரி நமக்கு ரொம்பத் தூரத்து விஷயம் என்றும் நினைக்காதீர்கள். 2023 மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று இடங்கள் இருந்தன. டெல்டா விவசாயிகள் கொதித்தார்கள். மாநில அரசும் எதிர்த்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னால், 2017-ல் நம்ம ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே பந்தலிலே உட்கார்ந்தது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில், நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் சேர்ந்தன. மேற்கே உள்ள குவாரிப் பகுதி அந்த மண்டலத்திலே இல்லை. அங்கே நமக்குத் துணை சுரங்க விதிகளும் சுற்றுச்சூழல் அனுமதியும்தான். அதனாலேதான் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

எங்கே கொட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள்

கழிவு மண் எவ்வளவு என்பதைவிட அது எங்கே கிடக்கிறது என்பது முக்கியம். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டிலே அபர்ஃபான் என்று ஒரு கிராமம். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை மலைச்சரிவிலே கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழாவது குவியலை ஓர் ஊற்றுக்கண் மேலேயே கொட்டிவிட்டார்கள். அடியிலே தண்ணீர் ஊறி ஊறி, 1966 அக்டோபர் 21-ஆம் தேதி காலையில் அந்தக் குவியல் சேறாகச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். குவியலுக்கென்று தனிச் சட்டம் அந்த நாட்டிலே அதற்குப் பிறகுதான், 1969-ல் வந்தது. நம் நாட்டிலும் 2016 டிசம்பரில் ஜார்க்கண்டு மாநிலத்து லால்மாட்டியா சுரங்கத்திலே மண் சரிந்து 23 தொழிலாளர்கள் போனார்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்து மல்லாக்கோட்டையில் 2025 மே மாதம் குவாரியிலே பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

நம்ம ஊரிலே குவாரி மண் மலையாகச் சரிவதைவிட, சத்தமில்லாமல் கரைந்து போவதுதான் அதிகம். நம் மாவட்டத்து வெள்ளாமை வானம் பார்த்த வெள்ளாமை. மழைத் தண்ணீர் வரத்துவாரி வழியாகக் கண்மாய்க்கு வந்தால்தான் நடவு. வரத்துவாரி ஓரத்திலே மண்ணைக் குவித்து வைத்தால் ஐப்பசி மழை அதைக் கண்மாய்க்குள்ளே கொண்டு சேர்த்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்திலே ஒரு அடி ஆழத்துக்கு மேல்மண்ணை வழித்தால் 43,560 கன அடி. லாரிக்காரர் கணக்கிலே சொன்னால் 435 யூனிட். மூன்று யூனிட் லாரிக்கு 145 நடை. அவ்வளவும் கண்மாயில் போய் விழுந்தது என்று வையுங்கள். ஒரு யூனிட் மண் ஏறக்குறைய 2,830 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும். 435 யூனிட்டுக்கு 12 லட்சம் லிட்டருக்கு மேலே. இது ஒரே ஒரு ஏக்கரின் மேல்மண். பத்து ஏக்கர் குவாரிக்கு நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைமடைக்காரர் கடைசித் தண்ணீர் கேட்டு மடையிலே நிற்கும்போது, அந்தத் தண்ணீர் நின்றிருக்க வேண்டிய இடத்திலே குவாரி மண் படுத்திருக்கும்.

அனுமதி எந்த வழியாக வருகிறது?

கல் குவாரி சிறுகனிமம் என்ற வகையிலே சேர்ந்தது. அதற்குத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 என்று ஒன்று இருக்கிறது. அந்த விதிகளின்படி குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய், பொதுச்சாலை இவற்றிலிருந்து 50 மீட்டர் விட வேண்டும். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் வெட்டுவதாகச் சுரங்கத் திட்டத்தில் எழுதுவது வழக்கம்.

காகிதம் போகிற வழி இதுதான். முதலில் வருவாய்த்துறை, நிலத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்து அறிக்கை தரும். அடுத்து சுரங்கத் திட்டம். எத்தனை ஆழம், எத்தனை ஆண்டு, மேல்மண்ணை எங்கே வைப்பது, கடைசியிலே நிலத்தை எப்படி விட்டுப் போவது என்பது எல்லாம் அதிலே வரைபடத்தோடு இருக்கும். அதைப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அங்கீகரிக்க வேண்டும். மூன்றாவது, சென்னையிலுள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் சுற்றுச்சூழல் அனுமதி. நான்காவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. இவை இல்லாமல் வெட்டினால் அது சட்ட விரோதம்.

ஒரு காலத்திலே 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படவில்லை. ஆகவே பெரிய பாறையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பெயரிலே குத்தகை எடுக்கிற பழக்கம் நாடு பூராவும் இருந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தீபக் குமார் வழக்கிலே, சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. இப்போது 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கிற குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கணக்கெடுக்க வேண்டும். தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டரை ஏக்கரைத் தாண்டினால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது

கருத்துக் கேட்பு என்றால் பலருக்குச் சலிப்பு. "நாம போய்ச் சொன்னா கேட்கவா போறாங்க?" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது தப்புங்க. அந்தக் கூட்டத்திலே இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கு எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். நீங்கள் வராவிட்டால், ஊரிலே யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றுதான் காகிதம் பேசும்.

குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். அதிலே ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் அதைப் பார்க்கலாம். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்திலே விண்ணப்பத்தையும் தேடித் தருவார்கள்.

கூட்டத்துக்கு ஆட்சியரோ அவர் சார்பிலே கூடுதல் மாவட்ட நடுவர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிப்பார். எல்லாம் வீடியோவில் பதிவாகும். முடிவிலே நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் சொன்னது அதிலே இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். விட்டுப் போயிருந்தால் அப்போதே எழுந்து சொல்லுங்கள். வர முடியாதவர்கள் எழுத்து மூலம் அனுப்பலாம். எழுதிக் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

"குவாரி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஒரு வரியிலே முடிந்துவிடும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்:

ஒன்று. எங்கள் கண்மாயும் வரத்துவாரியும் உங்கள் வரைபடத்திலே இருக்கின்றனவா? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு கேளுங்கள். வரைபடத்திலே வாரி இல்லை என்றால் அதைக் காப்பாற்ற நிபந்தனையும் இருக்காது.

இரண்டு. மேல்மண் எத்தனை கன மீட்டர்? எந்த சர்வே எண்ணிலே குவிப்பீர்கள்?

மூன்று. குவியலைச் சுற்றி வடிகால் எங்கே? வடிகால் தண்ணீர் கண்மாய்க்கு வருமுன் மண் தங்குவதற்குப் படிவுக் குட்டை எங்கே?

நான்கு. சுற்றிலும் எத்தனை கிணறு, எத்தனை போர் இருக்கிறது? வெட்டுமுன் அவற்றின் நீர்மட்டத்தை எழுதி வைத்தீர்களா? இன்றைய மட்டம் காகிதத்திலே இல்லாவிட்டால், நாளைக்குக் கிணறு இறங்கினது குவாரியாலே என்று நிரூபிக்க முடியாது.

ஐந்து. கடைசியிலே பள்ளத்துக்கு வேலி யார் போடுவது? அதற்குப் பணம் எங்கே இருக்கிறது?

இந்த ஐந்தாவது கேள்வி ரொம்ப முக்கியம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய அரசு 2009-லும் 2013-லும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சுரங்கத்தை மூடி நிலத்தைத் திருத்துகிற செலவுக்காக, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று 2009-ஆம் ஆண்டு விலையிலே அடிப்படை வைத்து, தனி வங்கிக் கணக்கிலே ஆண்டுதோறும் கட்டி வர வேண்டும் என்றார்கள். வேலை நடந்தது என்று பார்த்த பிறகுதான் பணம் திரும்பும். அமெரிக்காவில் 1977-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. முதலில் பிணைத்தொகை, பிறகுதான் வெட்டு. வெட்டி முடித்துச் செடி நட்ட பிறகும் ஐந்து ஆண்டு பொறுப்பு. மழை குறைந்த பகுதியாக இருந்தால் பத்து ஆண்டு. நம்ம ஊர்க் குவாரிக்கும் இந்த மாதிரி கையிருப்பு இருக்கட்டும் என்று நீங்கள் கூட்டத்திலே கேட்கலாம், கிராம சபைத் தீர்மானத்திலும் எழுதலாம்.

அனுமதிக்குப் பிறகு

அனுமதி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அனுமதிக் கடிதத்திலே நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அதன் நகலை ஊராட்சிக்குத் தர வேண்டும். வாங்கிப் படியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஜூன் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும், நிபந்தனை நிறைவேற்றின அறிக்கையைக் குத்தகைதாரர் கொடுக்க வேண்டும். அனுமதியே தவறு என்று பட்டால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலே 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்கு மேலே காலம் கடந்துவிடும்.

இன்னொரு நல்ல செய்தி. 2020 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. வெட்டி முடித்த சுரங்க நிலத்திலே மறுபடியும் புல் வளர்த்து, ஆடு மாடு மேயவும் செடிகொடி வளரவும் தக்கதாகச் செய்து தர வேண்டும். அதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும். செலவு குத்தகைதாரருடையது என்று சொன்னது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதே மாதம் அனுமதிகளில் இதைச் சேர்க்கும்படி எழுதியது. மேய்ச்சல் நிலம் சுருங்கிப் போன நம்ம ஊரிலே, ஆடு வளர்க்கிறவர்கள் மறக்கக் கூடாத உத்தரவு இது.

நிலத்தைத் திருத்துவது எப்படி?

இனி வேளாண்மைக்கு வருவோம். திருத்துகிற வேலை வெட்டு முடிந்த பிறகு தொடங்குவது இல்லை. முதல் பொக்லைன் இறங்குகிற அன்றைக்கே தொடங்க வேண்டும்.

மேல் ஒரு அடி மண்ணைத் தனியாக வழித்து எடுங்கள். அடியிலே வருகிற கிராவலோடும் சக்கையோடும் கலக்க விடக்கூடாது. மண்ணுக்கு உயிர் அந்த மேல் அடியிலேதான் இருக்கிறது. அதை மலையாகக் குவித்தால் உள்ளே காற்றுப் புகாமல் நுண்ணுயிர்கள் செத்துப் போகும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வையுங்கள். அதன் மேலே கொழிஞ்சியோ சணப்பையோ விதைத்துவிட்டால் மழை அரிக்காது, தழைச்சத்தும் சேரும். ஓரத்திலே வெட்டிவேர் நெருக்கமாக நட்டால் அதுவே தடுப்புச் சுவர்.

கழிவுக் குவியலைச் செங்குத்தாக நிறுத்தக் கூடாது. கரிச் சுரங்கத்துக்கு வழக்கமாகப் போடுகிற நிபந்தனை, மொத்தச் சரிவு 28 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது. நம்ம கண் கணக்கிலே சொன்னால், ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி அகலம் விட்டுச் சரித்தால் போதும். படி படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் உள்பக்கம் சாய்வு கொடுத்தால் தண்ணீர் அங்கேயே இறங்கும்.

சரித்த பிறகு, சேமித்து வைத்த மேல்மண்ணை ஒரு அடி கனத்துக்குப் பரப்ப வேண்டும். மண் போதவில்லை என்றால் கண்மாய் வண்டல் கை கொடுக்கும். வட்டாட்சியர் அலுவலகத்திலே விண்ணப்பித்து விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. கண்மாயும் ஆழமாகும், நிலமும் வளமாகும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இடுங்கள். கிரஷர் தூசியை மட்டும் இந்த மண்ணிலே சேர்க்க வேண்டாம். மழை பெய்து காய்ந்தால் அது சிமெண்டு போட்ட மாதிரி மேலே இறுகிவிடும். முளை மேலே வராது.

புரட்டாசியிலே நிலத்தைத் தயார் செய்துகொண்டு, பருவமழையின் முதல் ஈரத்திலே விதையுங்கள். கொழிஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். கொழுக்கட்டைப் புல்லுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, அதோடு முயல் மசால் மூன்று கிலோ கலந்து தூவலாம். இரண்டு அடிக்கு இரண்டு அடிக் குழியிலே வேம்பு, புங்கம், வாகை, இலுப்பை நடலாம். கரையோரத்திலே பனை விதை ஊன்றலாம். முதல் இரண்டு ஆண்டு ஆடு மாடு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அறுத்துப் போடலாம், மேயவும் விடலாம். மண் பரிசோதனை செய்து, உளுந்து தாங்குமா என்று பார்த்த பிறகே வெள்ளாமையிலே இறங்குங்கள். வம்பன் பயறு ஆராய்ச்சி மையமும் அங்கேயுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் யோசனை சொல்லக் காத்திருக்கின்றன.

பள்ளத்துக்குச் சுற்றுவேலி கட்டாயம். கோடையிலே நீச்சலுக்குப் போகிற பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பாறைப் பள்ளத்துக்குச் சரிவு கிடையாது, கால் ஊன்ற இடம் கிடையாது. தண்ணீர் நின்றால் அது ஊருக்கு உதவலாம், ஆனால் வேலியும் படிக்கட்டும் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்திலே வெளியூர்க் குப்பையோ ஆலைக் கழிவோ கொட்ட வந்தால் உடனே கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலைக் கைவிட்ட சுரங்கப் பள்ளங்களிலே நிரப்பலாம் என்று 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கை வழி விட்டிருக்கிறது. நிலக்கரிச் சாம்பலிலே ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை உண்டு. பள்ளத்துக்கு அடியிலே பாறை வெடிப்பு வழியாக நம்ம கிணற்றுக்குத் தண்ணீர் போகிறது என்றால், சாம்பலின் சாறும் அதே வழியிலே வரும். ஆகவே யார் அனுமதித்தார்கள், எந்தக் காகிதம் என்று கேட்காமல் ஒரு லாரியையும் உள்ளே விட வேண்டாம்.

நிலம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

மழை பொய்த்த வருஷத்திலே, மகள் கல்யாணம் நெருங்கும்போது, குவாரிக்காரர் நீட்டுகிற பணம் பெரிதாகத் தெரியும். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மேல்மண் எங்கள் நிலத்திலேயே இருக்க வேண்டும். அனுமதித்த ஆழத்துக்கு மேல் வெட்டக் கூடாது. முடிந்த பிறகு வேலியும் புல்லும் குத்தகைதாரர் செலவு. இந்த மூன்றையும் எழுத்திலே வாங்குங்கள். வாய்ப்பேச்சு மழையிலே கரைந்துவிடும். குத்தகைப் பணம் சில வருஷம் வரும். பள்ளம் பேரன் காலத்துக்கும் இருக்கும். அதோடு, உங்கள் பட்டாவிலே வெட்டுகிற பள்ளம் பக்கத்து வயல்காரரின் கிணற்றையும் இழுக்கும். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நம்ம ஊர் வழக்கம்தானே?

தனியாகப் போக வேண்டாம்

கடைசியாக ஒன்று. இது சொல்லக் கசப்பானது, ஆனால் சொல்லாமல் விடக்கூடாதது. 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்திலே, கல்குவாரி முறைகேடு பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்து வந்த ஒருவர் லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. ஒரு தனி மனிதர் ஊருக்காகக் காகிதம் தூக்கிக்கொண்டு அலைந்தால் என்ன நேரலாம் என்பதை நாம் கண்ணாலே பார்த்துவிட்டோம்.

ஆகவே புகாரை ஒருவர் பெயரிலே கொடுக்க விடாதீர்கள். ஊர் பெயரிலே கொடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி நாள் என்று ஆறு. ஏதாவது ஒன்றிலே தீர்மானம் போட்டு, வந்தவர் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தீர்மானம் குவாரியை நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஆவணம். நாளைக்குத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் அது பேசும். பிறகு நகலை எடுத்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்திலே மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பத்துப் பேராகப் போங்கள். நடைச்சீட்டு இல்லாத லாரியைக் கண்டால் நீங்களே மறித்துச் சண்டைக்குப் போக வேண்டாம். வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து, பலர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பெண்களையும் முன்னால் நிறுத்துங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடக்கிறவர்கள் அவர்கள்தானே!

குவாரிகளிலிருந்து வசூலாகிற பணத்தின் ஒரு பங்கு மாவட்ட கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த ஏற்பாடு இது. பாதிக்கப்பட்ட ஊருக்குக் குடிதண்ணீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் வேலைகளுக்கு அதிலே முன்னுரிமை உண்டு. கண்மாய் தூர்வார, வரத்துவாரி சீராக்க, அதிலிருந்து கேட்டு வாங்குங்கள். கேட்காத ஊருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

உழவர் பெருமக்களே, இன்றைக்குச் சொன்னதிலே மூன்றை மட்டுமாவது மனதிலே வையுங்கள். மேல்மண் லாரி ஏறக் கூடாது. வரத்துவாரி வரைபடத்திலே ஏற வேண்டும். கூட்டத்துக்கு ஊர் சேர்ந்து போக வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன்னால், உங்கள் ஊர்ப் புலப்படத்தை ஒரு தடவை விரித்து வைத்து, எந்த வாரி எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, இளைஞர்களை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் உங்கள் கையிலே இருந்தால், எந்த அனுமதிக் காகிதம் வந்தாலும் அதை எதிரே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.